மீட்டிங்கில் யாரும் வாய் திறப்பதில்லை, என்ன செய்வது?

கேள்வி:
புதிதாக டீம் லீட் ஆகியிருக்கிறேன். "சந்தேகம் இருக்கா?" என்றால் எல்லோரும் இல்லை என்று தலையாட்டுகிறார்கள், அப்புறம் வேலை வேறு மாதிரி வந்து நிற்கிறது. நேற்றுவரை கூட வேலை பார்த்தவர்களிடம் கண்டிப்பாகப் பேசவும் தயக்கம்.

பதில் 1:
அப்படிக் கேட்டால் இல்லை என்றுதான் வரும். "எங்கிருந்து தொடங்கப் போகிறீர்கள், எங்கே சிக்கும்?" என்று கேளுங்கள், புரியாதது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

பதில் 2:
சரிதான், ஆனால் நீங்களே முதலில் கருத்தைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள், கடைசியில் பேசுங்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரோடும் தனியாக உட்காருங்கள், கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள்கூட அங்கே பேசுவார்கள்.

பதில் 3:
கண்டிப்பு என்றால் குரலை உயர்த்துவது இல்லை. "உங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்று ஆளைச் சொல்லாதீர்கள். "வியாழன் வர வேண்டிய ரிப்போர்ட் சனிக்கிழமை வந்தது, டெஸ்டிங் நின்றுபோச்சு, என்ன ஆச்சு?" என்று தனியாக அழைத்துக் கேளுங்கள், அப்புறம் அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.