விபத்து வழக்கில் வாட்ஸ்அப் பேச்சை நிரூபிக்க வழி உண்டா?

வணக்கம். செங்கல்பட்டு அருகே ஜிஎஸ்டி சாலை, 2025 ஆகஸ்ட், இரவு 7.40. சிக்னலுக்காக நின்ற பைக்கில் பின்னாலிருந்து கார் மோதி, தம்பிக்கு வலது தொடை எலும்பு முறிவு. காரோட்டி போனைக் காதில் வைத்திருந்ததைப் பூக்கடை அக்கா பார்த்திருக்கிறார். எஃப்ஐஆரில் 'அஜாக்கிரதை' என்று மட்டும்தான் இருக்கிறது. போலீஸ் போனைக் கைப்பற்றவில்லை. எதிரே உள்ள பெட்ரோல் பங்க் சிசிடிவியில் பழைய பதிவு அழிந்துவிட்டது.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 166-ன் கீழ் இழப்பீட்டு மனு நடக்கிறது. தீர்ப்பாயம் மூலம் காரோட்டியின் சிடிஆர் (போன் அழைப்புப் பதிவு) வரவழைத்தோம், அந்த நேரத்தில் அழைப்பே இல்லை. வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அதில் வராது. ஐபிடிஆரில் (இணையப் பயன்பாட்டுப் பதிவு) டேட்டா ஓடியது தெரியும், பேச்சா பின்னணி ஆப்பா என்று உறுதியாகத் தெரியாது. இதற்கிடையே, 'பைக் திடீர் பிரேக் போட்டது' என்று காப்பீட்டுத் தரப்பு பாதிப் பழியைத் தம்பி மேல் போடுகிறது. அதுதான் பொறுக்கவில்லை.

பாரதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63 சான்றிதழோடு (மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்கத் தேவையானது) ஐபிடிஆரை வரவழைத்து, நேரில் பார்த்தவர் சாட்சியத்தோடு சேர்த்துத் தீர்ப்பாயத்தை ஏற்கவைத்தவர்கள் இருந்தால், மனுவில் எதை எப்படிக் கேட்டீர்கள்?