புதுப்பிப்பு: இரண்டு பழ லிக்கர்கள், ஒரு மாதத்துக்குப் பின்

தனியாகப் பருகவும் காக்டெயிலில் கலக்கவும் ஒரே பழ லிக்கர் (பழச்சுவையும் இனிப்பும் கொண்ட மதுபானம்) போதுமா என்று சென்ற மாதம் இந்த இழையில் கேட்டிருந்தேன். ஆரஞ்சு லிக்கரான குவாந்த்ரோ, பிளாக்கரண்ட் என்னும் கருநிறச் சிறுபழத்தின் லிக்கரான கிரெம் து காசிஸ் ஆகிய இரண்டையும் வாங்கிச் சுவைத்த பின், போதாது என்றே தோன்றுகிறது.

ஆரஞ்சுத் தோலின் மணம் கொண்ட குவாந்த்ரோவில் ஆல்கஹால் 40 விழுக்காடு என்பதால், மார்கரிட்டா காக்டெயிலில் அது டெக்கீலா மதுவுக்கும் எலுமிச்சையின் புளிப்புக்கும் ஈடுகொடுக்கிறது. தனியாகப் பருகியபோதோ நெடியே முந்திக்கொண்டது. பனிக்கட்டி சேர்த்ததும் சற்றே கலங்கியது. அது தோலின் எண்ணெய் செய்யும் வேலை, பழுதன்று.

காசிஸ்தான் என்னை வியக்க வைத்தது. ‘கிரெம்’ என்றதும் பால் கலந்தது என்று எண்ணியிருந்தேன். உண்மையில் அது சர்க்கரையின் அடர்த்தியைக் குறிக்கும் சொல். ஐரோப்பிய விதிப்படி மற்றப் பழக் கிரெம்களுக்கு லிட்டருக்கு 250 கிராம் சர்க்கரை போதுமென்றிருக்க, காசிஸுக்கு மட்டும் குறைந்தது 400 கிராம் வேண்டும். அவ்வளவு இனிப்பையும் பிளாக்கரண்ட் பழத்தின் புளிப்பும் துவர்ப்பும் தாங்கிக்கொள்வதால், உணவுக்குப் பின் குளிரவைத்துச் சிறு மிடறுகளாகப் பருக அது மிகவும் ஏற்றது. 1945 முதல் 1968 வரை பிரான்சின் திஜோன் நகர மேயராக இருந்த ஃபெலிக்ஸ் கீரின் பெயர் பெற்ற ‘கீர்’ பானத்துக்கு, ஒன்பது பங்கு அலிகோத்தே என்னும் திராட்சையின் வெள்ளை வைனுக்கு ஒரு பங்கு காசிஸ் எனக்குப் போதுமாயிற்று.

திறந்த காசிஸ் புட்டியை அலமாரியிலேயே விட்டது என் தவறு: நிறம் பழுப்பேறி, பழச்சுவையும் மங்கிவிட்டது. அடுத்த முறை சிறிய புட்டியாக வாங்கி, குளிர்பதனப் பெட்டியில் வைப்பேன்.