முதல் படகு: அச்சு தாங்கும் மரச்சட்டம் நிறுத்திய அனுபவம்

படகு கட்டப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் எதிர்க்கவில்லை. கார் ஷெட் வேண்டும் என்றபோதுதான் பேச்சு முற்றியது. 14 அடி நீளத் துடுப்புப் படகு, ஐ.எஸ். 710 தர முத்திரையுள்ள 6 மி.மீ. மரைன் பிளைவுட், காசு கொடுத்து வாங்கிய வரைபடம். பலகை வளைப்பதும் எபாக்ஸி பூசுவதும்தான் கண்டம் என்று நினைத்திருந்தேன். ஆனால் முதல் பதினொரு நாளும், கடைசியில் பிரித்துப் போட்டுவிடப் போகிற ஒரு மரச்சட்டத்துக்கே போனது.

தரையில் படுத்த ஏணி மாதிரிதான் அது. 12 அடியில் இரண்டு நீளச் சட்டம், இடையே 2 அடி அகலம். இரண்டு அடிக்கு ஒரு குறுக்குக்கட்டை, அதன்மேல் படகின் குறுக்குவெட்டு வடிவத்தில் 18 மி.மீ. பிளைவுட்டில் வெட்டிய ஓர் அச்சு. மொத்தம் ஆறு அச்சு. படகைக் குப்புறக் கவிழ்த்த நிலையில் இவற்றின் மேல்தான் பலகை ஏற்ற வேண்டும். சட்டம் எப்படி நிற்கிறதோ, படகு அப்படித்தான் பிறக்கும்.

மரக்கடையில் மலிவாகக் கிடைத்ததென்று ஈரம் காயாத சட்டத்தை வாங்கி வந்தேன். நான்காம் நாள் காலையில் பார்த்தால் ஒன்று முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. பிறகு பழைய மரம் விற்கும் இடத்தில் இரண்டு கோங்குச் சட்டம் வாங்கினேன். அவை முறுக்க வேண்டியதையெல்லாம் என்றைக்கோ முறுக்கி முடித்தவை.

அடுத்தது தரை. கார் கழுவும் தண்ணீர் வெளியே ஓடட்டும் என்று ஷெட் தரையைக் கேட்டை நோக்கிச் சரித்திருந்தார்கள். 12 அடிக்கு ஒன்றரை அங்குலச் சரிவு! தெருவில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய் இரவல் கேட்டேன். அவரே வந்து குழாயைத் தூக்கிப் பிடித்தார். “உள்ளே குமிழி நிற்குது பாருங்க சார், இதை வெச்சுப் பார்த்தா மட்டம் பொய் சொல்லும்” என்று விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழியை வெளியேற்றினார். நான் தனியாகப் பார்த்திருந்தால் அந்தப் பொய்யை நம்பி ஆப்பு அடித்திருப்பேன். மூலைக்கு மூலை டேப் பிடித்தால் இரண்டு பக்கமும் 12 அடி 2 அங்குலம் வர வேண்டும். ஒன்று அரை அங்குலம் கூடியது, மற்றது அதே அளவு குறைந்தது. மூலையில் சுத்தியலால் தட்டித் தட்டியே சரிசெய்தோம்.

நடுக்கோட்டுக்குத் தூண்டில் நரம்பு கட்டினேன். மின்விசிறி ஓடினால் நரம்பு அதிர்கிறது, நிறுத்தினால் வியர்வை கண்ணில் இறங்குகிறது. நிறுத்திவிட்டேன்.

உண்மையான தவறு அச்சு நிறுத்தியதில். ஆறு அச்சிலும் பின்முகம், அதாவது படகின் பின்பக்கம் பார்க்கும் முகம், அச்சின் இடத்தைக் காட்டும் குறிக்கோட்டில் வரும்படி ஒரே மாதிரி திருகி இறுக்கினேன். பார்க்க அழகாக, அணிவகுப்பு மாதிரி இருந்தது. கணு இல்லாத ரீப்பர் ஒன்றை வளைத்து மேலே கிடத்தியதும் குட்டு வெளிப்பட்டது. பின்பாதியில் ரீப்பர் ஒழுங்காகப் படிந்தது. அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, ஒட்டிய அச்சில் மட்டும் இரண்டு நூல் (கால் அங்குலம்) வெளியே தள்ளி நின்றது. காரணம் எளிது. அணியத்தை நோக்கிப் படகு குறுகுகிறது. அச்சின் விளிம்போ சதுரமாக வெட்டியது. கோட்டைத் தாண்டி அணியம் பக்கம் போகும் 18 மி.மீ. கனமும் பலகையை வெளியே தள்ளும். முன்பாதி அச்சுகளுக்கு முன்முகமும், பின்பாதிக்குப் பின்முகமும் கோட்டில் வர வேண்டும். கனம் எப்போதும் படகின் நடுவை நோக்கியே இருக்க வேண்டும். வரைபடத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இது இருந்தது. நான் படிக்கவில்லை. மூன்று அச்சைக் கழற்றி மாற்ற ஒரு மதியம் போனது. பலகை ஒட்டிய பிறகு தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ!

---

முதலில் எழுதியவரின் அனுபவத்தைப் படித்துவிட்டுக் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது 16 அடி கனூ. குளிர்காலத்தில் காரைப் பனியில் விட மனம் வராமல் சட்டத்துக்கு நான்கு சக்கரம் பூட்டினேன். வேண்டும்போது ஓரமாகத் தள்ளலாம் என்று எண்ணம். கராஜ் தரை ஓரிடத்தில் இருப்பதுபோல் இன்னோரிடத்தில் இல்லை. ஒவ்வொரு முறை தள்ளும்போதும் சட்டம் ஒரு மூலையில் இறங்கி முறுக்கியது. தள்ளிய இடத்திலெல்லாம் திரும்ப ரசமட்டம் வைத்தேன். ஐந்தாம் முறை மனைவி சொன்னா, “காரை வெளியில விடுங்கோ, நான் பனி தள்ளுறன்.” அன்றைக்கே சக்கரத்தைக் கழற்றிச் சட்டத்தைத் தரையோடு பூட்டினேன். பனியை நான்தான் தள்ளினேன் என்பது வேறு கதை.

---

அச்சு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முதலில் எழுதியவர் சொன்னது பிறகு கழற்றிவிடும் அச்சுக்குத்தான் பொருந்தும். நான் கட்டியதில் வங்குகள், அதாவது விலா எலும்பு மாதிரியான குறுக்குச் சட்டங்கள், படகோடேயே இருப்பவை. அவற்றின் விளிம்பை இழைத்துச் சரிவாக்க வேண்டும். ஆகவே எனக்கு நேர் எதிர்: முன்பாதியில் பின்முகம் கோட்டில், கனம் அணியத்தை நோக்கி. கூடுதலாகத் துருத்துகிற மரத்தைத்தான் இழைப்புளி தின்னும். மாற்றி வைத்தால் இழைக்க மரம் இருக்காது, பலகைக்கும் வங்குக்கும் நடுவே இடைவெளிதான் இருக்கும்.

எங்கள் தாத்தா கடலூர்ப் பக்கம் வல்லம் என்ற மீன்பிடிப் படகு கட்டியவர். கவிழ்த்துக் கட்டுவதெல்லாம் அங்கே கிடையாது. ஏராவை, அதாவது படகின் அடிமரத்தை, கட்டைமேல் கிடத்திப் பூசை போட்டு, நிமிர்ந்த நிலையிலேயே கட்டுவார்கள். என் சட்டத்தை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். நான் மூன்று நாள் ரசமட்டம் வைத்துத் திருத்திய நான்காம் வங்கின் எதிரே நின்றார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, “இது ஒரு நூல் இடது பக்கம் சாய்ஞ்சிருக்கு” என்றார். அளந்து பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது.