பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு சிரிப்பான் பறவை, தெற்கே இன்னொன்று: ஏன்?

கொடைக்கானல்வாசி:
உயிரினங்கள் பரவியிருக்கும் விதமே பரிணாமத்துக்குச் சான்று என்று கோத்தகிரி ஆசிரியர் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. சோலைக்காட்டின் குளிருக்கு ஏற்ற பறவையை இறைவன் அங்கே வைத்தான் என்றால் போதாதா?

கோத்தகிரி ஆசிரியர்:
ஐயா, குளிர்தான் காரணம் என்றால் உங்கள் மலையிலும் எங்கள் மலையிலும் ஒரே சிரிப்பான் அல்லவா இருக்க வேண்டும்? காலையில் எங்கள் வேலிக்கு வந்து பழம் கொத்தும் சிரிப்பானுக்கு வெள்ளைப் புருவம், செங்காவி மார்பு. சென்ற மே மாதம் கொடைக்கானலில் நான் பார்த்ததற்கும் அதே வெள்ளைப் புருவம்; மார்பு மட்டும் சாம்பல் நிறம். உயரமும் குளிரும் சோலையும் இரண்டு மலைகளிலும் ஏறத்தாழ ஒன்றுதான். நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்து கிடக்கும், வெக்கை மிகுந்த பாலக்காட்டுக் கணவாயைச் சோலையை விட்டு இறங்காத பறவைகள் கடப்பதில்லை என்பதால், பிரிந்த கூட்டங்கள் தலைமுறை தலைமுறையாகத் தனித்தனியே மாறின. சோலைத் தரையில் தத்தித் திரியும் நீலநிறச் சிறு பறவையும் அப்படித்தான்: நீலகிரியில் ஓர் இனம், பழனிமலையில் வேறோர் இனம்.

கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில்) பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலிய மரங்களை இங்கே கொண்டுவந்து நட்டார்கள். இன்று புல்வெளிகளையே விழுங்கிவிட்டன. இவ்வளவு பொருத்தமான மலையில் அவை முன்பே ஏன் இல்லை?

கொடைக்கானல்வாசி:
மார்பின் நிறம் மாறினாலும் சிரிப்பான் சிரிப்பானாகத்தானே இருக்கிறது? மேலும், நம் வரையாடு இமயமலைத் தார் ஆட்டின் நெருங்கிய உறவு என்று நெடுங்காலம் சொல்லிவிட்டு, 2005-இல் செம்மறிதான் நெருக்கம் என்று மாற்றிக்கொண்டார்கள். இப்படி மாறும் பேச்சை எப்படி நம்புவது?

கோத்தகிரி ஆசிரியர்:
வரையாட்டைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மைதான். செங்குத்துப் பாறைகளில் வாழும் இரண்டு ஆடுகளின் உடலமைப்பு ஒத்திருந்ததை நெருங்கிய உறவென்று எண்ணினார்கள். மரபணுவைச் சோதித்ததும் திருத்திக்கொண்டார்கள். சோதனைக்கு உட்படுவதால்தான் நான் இதை நம்புகிறேன். வயிற்றில் பையுள்ள பாலூட்டிகள் தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழ்வதால், அவ்விரண்டும் அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்த காலத்தில் அவ்வழியே சென்றிருக்க வேண்டும் என்று கருதினார்கள். 1982-இல் அண்டார்டிகாவின் சீமோர் தீவில் அத்தகைய பாலூட்டியின் புதைபடிவம் கிடைத்தது. இன்று பனி மூடிய அந்த நிலத்தில் அது கிடைத்ததற்கு, தட்பவெப்பத்துக்கு ஏற்ப வைக்கப்பட்டது என்ற விளக்கம் எப்படிப் பொருந்தும்?

கொடைக்கானல்வாசி:
கற்பூர மரத்தைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கணவாய் பிரித்ததால் ஒரு சிரிப்பான் இரண்டானது என்பதையும் ஏற்கிறேன். பறவைக்கும் ஆட்டுக்கும் ஒரே மூதாதை என்பதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை. அதற்கான புதைபடிவங்களை அடுத்து எழுதுங்கள், பொறுமையாகப் படிக்கிறேன்.