சவரக் கத்திக்குக் கடமான் கொம்புப் பிடி: போடலாமா, கூடாதா?

மலைக்காப்பி:
வணக்கம். ஏற்காட்டுல சின்னதா ஷெட் போட்டு மடக்கு சவரக் கத்தி கையால செய்யறேன். அலகு இஎன் 31 பேரிங் ஸ்டீல், ரெண்டு பக்கமும் குழிவா சாணை பிடிச்சது. அதுல எனக்குச் சந்தேகமில்ல, பிரச்சனை பிடிதான். கத்தி வாங்கக் கேட்ட ஒருத்தர் "கடமான் கொம்பு, இல்லன்னா தந்தம். வேற எதுவும் வேண்டாம்"ங்கறார். தாத்தா காலத்துக் கடமான் கொம்பு ஒரு ஜோடி எங்க வீட்டுச் சுவத்துலயே தொங்குது. இங்கிலாந்து ஷெஃபீல்டு, ஜெர்மனி சோலிங்கன்ல செஞ்ச பழைய கத்திய ஏலத்துல எடுக்கறவன் தந்தம், ஆமை ஓடு, முத்துச்சிப்பின்னு பிடியப் பாத்துத்தான் காச அவுக்கறான். அரிய பொருள் இல்லாம கைவேலைக் கத்திக்கு மதிப்பு இல்லைங்கறது என் கட்சி. மறுக்கறவங்க மறுக்கலாம்.

வாய்தா:
நண்பரே, முதலில் அந்தச் சுவரைப் பாருங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அந்தக் கொம்புக்கு உரிமைச் சான்றிதழ் இல்லையென்றால் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். சான்றிதழ் இருந்தாலும் விற்க முடியாது. காட்டில் தானாக உதிர்ந்த கொம்பு என்ற சமாதானமும் எடுபடாது. தந்த வியாபாரம் 1986 திருத்தத்தோடு முடிந்தது. ஆப்பிரிக்கத் தந்தம் என்று சொல்லி ஓட்டிக்கொண்டிருந்த சந்தையும் 1991-இல் மூடப்பட்டது. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

மலைக்காப்பி:
சார், சட்டம் சரி. நான் கேக்கறது பொருளோட தகுதிய. எப்பவோ அழிஞ்சுபோன மாமூத் மிருகத்தோட தந்தத்த வெளிநாட்டுல தாராளமா போடறாங்களே?

வாய்தா:
அதை வைத்து யானைத் தந்தத்தை மறைத்து விற்கிறார்கள் என்பதுதான் தகராறே. தந்தத்தின் குறுக்குவெட்டில் ஷ்ரேகர் கோடுகள் என்ற இயற்கை வரிகள் ஒன்றையொன்று வெட்டும் கோணத்தைப் பார்ப்பார்கள். 90 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் மாமூத், 115-க்கு மேல் போனால் யானை. மூன்று மில்லிமீட்டர் பட்டையாக இழைத்த பிறகு செக்போஸ்டில் யாரிடம் போய்க் கோணம் அளக்கச் சொல்வீர்கள்?

செவ்வாய்பேட்டை பட்டறை:
தகுதியவே பேசுவோம் தம்பி. மான் கொம்பு வெளிய கல்லு, உள்ள பஞ்சு. வேட்டைக் கத்திக்கு உருண்டையா அப்படியே மாட்டுனா நிக்கும். சவரக் கத்திப் பிடிக்கு ரெண்டரை, மூணு மில்லிக்கு இழைக்கணும். அவ்வளவு மெலிசா அறுத்தா பஞ்சு வெளிய வந்துரும். சோப்புத் தண்ணிய இழுத்து வெச்சுக்கிட்டு அலகுக்குத் துருவக் குடுக்கும். சட்டமே இல்லாட்டியும் நான் போட மாட்டேன்.

எருமைக் கொம்பு எடு. நுனிதான் கெட்டி, அடிப்பக்கம் கூடு, அது ஆகாது. நுனியப் பொளந்து தணல்ல வாட்டுனா இளகும், முடி கருகற நாத்தம் வரும். நாத்தம் வந்ததும் எடுத்துரு, மீறுனா பொரிஞ்சுரும். ரெண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவுல வெச்சு வைஸ்ல இறுக்கி, முழுசா ஆறுன பொறவு அவுரு. அவசரப்பட்டு அவுத்தா பழையபடி வளைஞ்சுக்கும். தண்ணிப் பேப்பர்ல தேய்க்கத் தேய்க்க உள்ளருந்து கருப்பு வரும் பாரு, அந்தக் கருப்பு எந்த மரத்துலயும் இல்ல.

பிடியோட வால்பக்கம் ரெண்டு பட்டைக்கும் நடுவுல ஈய ஆப்பு வை, கைல சமநிலை கிடைக்கும். ஆணிக்கு 1.6 மில்லி பித்தளைக் கம்பி, ரெண்டு பக்கமும் வாஷர். சின்ன சுத்தியல்ல சுத்திச் சுத்தித் தட்டு. அடிக்காத, தட்டு. ஒரு அடி கூடுனா பட்டைல மயிரு கணக்கா விரிசல் ஓடிரும். மடக்குனா அலகு ரெண்டு பக்கமும் உரசாம நட்டநடுவுல விழணும். அரிய பிடின்னு பீத்திக்கிட்டு அலகு கோணலா விழற கத்தி எத்தன பாத்திருக்கேன்.

மலைக்காப்பி:
அண்ணா, சேலத்து வெயில்ல அது சரி. இங்க ஐப்பசில பனி ஜன்னல் வழியா உள்ள வரும். கொம்பு ஈரத்துக்கு உப்பும், காஞ்சா சுருங்கும், பூச்சியும் அரிக்கும். ஈட்டி மரம் அப்படியா?

வாய்தா:
ஈட்டியும் சும்மா இல்லை. பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்று 1994-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டிருந்தார்கள். அது இன்றைக்கும் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கட்டில் காலை உடைத்துப் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் அரிய உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலைப் பாருங்கள்.

நாலுரோடு மணி:
எதுக்குடா இவ்ளோ? கருங்காலி போடுங்கப்பா. ஊரே மாலை போட்டுச் சுத்துது.

செவ்வாய்பேட்டை பட்டறை:
ஊர் போட்டுச் சுத்தறதுல பாதி சாயம் பூசுன கட்டை மணி. சவரம் பண்ணா கன்னத்துல கருப்பு வழியும்.

தினச்சவரம்:
நான் செய்யறவன் இல்லீங்க, தினமும் முகத்துல வைக்கறவன். எனக்கு வேண்டியது ஈரக் கைல வழுக்காத பிடி, தோல் பட்டைல தீட்டுனா நிக்கற வாய். பழைய செல்லுலாய்டு பிடி ஒண்ணு அழகுக்கு மயங்கி வாங்குனேன். பிடி மக்கி ஆவி விட்டு, அலகு டப்பாக்குள்ளயே அரிச்சுப் போச்சு. ஒண்ணு கேக்கறேன்: நம்ம சேலம் ஸ்டீல்லயே அலகு செய்யக்கூடாதா? பெருமையா இருக்குமே.

கஞ்சமலை:
பெருமை இருக்கும், கூர் இருக்காதுங்க. பாத்திரத்துக்குப் போற 304 ரக எவர்சில்வரக் காய்ச்சி எண்ணெய்ல முக்குனாலும் இறுகாது. சவரத்துக்கு ஒரு சதவீதம் கார்பன் வேணும். லாரி ஸ்பிரிங் பட்டைல கூட அதுல பாதி சொச்சந்தான், அருவாளுக்கு ஆகும்.

பெருமை வேணும்னா வேற இருக்கு. ஜோசையா ஹீத்னு ஒரு ஆள், 1830-கள்ல நம்ம சேலத்து இரும்புக் கல்ல வெச்சுப் பரங்கிப்பேட்டைல ஆலை நடத்துனார். அப்புறம் ஷெஃபீல்டு போய், 1839-ல உருக்குல மாங்கனீஸ் சேர்க்கற முறைக்குக் காப்புரிமை வாங்குனார். மலைக்காப்பி வாயப் பொளக்கற ஷெஃபீல்டு கத்திக்குள்ள அந்த வேலை இருக்கு. தந்தப் பிடிக்குள்ள அப்படி என்ன இருக்கு?

மலைக்காப்பி:
கத போதும் சார், வாங்கறவன் கத கேட்டுக் காசு தர்றதில்ல. கடமான் கேட்டவருக்கு முடியாதுன்னு எழுதிட்டேன். சுவத்துக் கொம்புக்குப் பேப்பர் இருக்கான்னு அப்பாவக் கேக்கணும். ஆனா "சாதாப் பொருள் போதும்"ங்கறத இன்னும் ஒத்துக்கல. தோட்டத்துல வேரோட புடுங்கிப் போட்ட கெழட்டுக் காப்பிச் செடித் தண்டு கெடக்கு. நல்ல இறுக்கம், வெளுத்த மஞ்ச நிறம். இதுவும் எல்லா ஊர்லயும் கெடைக்காது, அரியதுதான். அடுத்த கத்தி அதுல.

செவ்வாய்பேட்டை பட்டறை:
பச்சையா அறுக்காத, வெடிக்கும். ரெண்டு முனைக்கும் மெழுகு பூசி நெழல்ல போடு. காஞ்சப்புறம் எருமைக் கொம்புப் பிடி ஒண்ணும் செஞ்சு, ரெண்டையும் மழைக்காலம் முடிய ஷெட்லயே வை. அப்ப பேசுவோம்.