திருகோணமலையில கம்பி இறைச்சி நல்லாச் சுடுற சின்னக் கடை எது?

வணக்கம் உறவுகளே. எங்கட ஐயா வாற கிழமை ஊருக்கு வாறார். கம்பியில குத்திச் சுட்ட இறைச்சி எண்டா அவருக்கு உயிர். நிலாவெளிப் பக்கத்துப் பெரிய ஹோட்டல்கள் வேண்டாம், சாதாரண சாப்பாட்டுக் கடைதான் தேடுறன். டவுனோ உப்புவெளியோ, பாலம் தாண்டிக் கிண்ணியா எண்டாலும் வருவம்.

கரியிலதான் சுடோணும். கொழுப்பு நெருப்பில சொட்டி எழும்புற புகையிலதான் அந்த வாசமே இருக்கு! ஐயாவுக்குப் பல் பலமில்லை. பப்பாசிக்காய் அரைச்சுப் பிரட்டி ஊறவைக்கிற கடையெண்டா நல்லம். கனநேரம் ஊறினா இறைச்சி களியாகிடும், அந்தப் பதம் தெரிஞ்ச கை வேணும்.

அவர் மாடு சாப்பிடமாட்டார், கோழியும் ஆடும்தான். ஒரே அடுப்பில மாடும் சுடுற இடமெண்டா தயவுசெய்து அதையும் சொல்லுங்கோ. எத்தனை மணிக்குச் சுடத் தொடங்குவினம், ஒரு கம்பி என்ன விலை?