கையை எடுங்க, மிஸ்

நான் பார்க்கும் வேலைக்கு இன்னும் ஒரு பெயர் அமையவில்லை. சம்பள நோட்டில் ‘அசிஸ்டென்ட்’ என்று இருந்தது, வாட்ச்மேன் அண்ணன் ‘சின்ன மிஸ்’ என்பார், பெற்றோர்களில் பாதிப் பேர் ‘ஆயாம்மா கூட ஒருத்தங்க இருப்பாங்களே, அவங்க’ என்று அடையாளம் சொல்வார்கள். என் மாமியார் மட்டும் சொந்தபந்தத்திடம் எல்லாம் ‘எங்க மருமக டீச்சர்’ என்றே சொல்லி வைத்திருக்கிறார், கல்யாண வீட்டில் யாராவது ‘என்ன சப்ஜெக்ட் எடுக்கறீங்க’ என்று கேட்கும்போது மாட்டிக்கொள்வது நான்.

ஆரம்பம் கொரோனா முடிந்த நேரம். 2021 கடைசியில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்குத் தன்னார்வலர்கள் எடுத்தார்கள், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை, சாயந்திரம் ஒன்றரை மணி நேரம். அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே 17 பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். அதில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் பள்ளிக்கூடம் என்ற ஒன்றின் உள்ளேயே சரியாகப் போய் உட்காராதவர்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டில் தறி ஓடும். அந்தச் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளைகள் என்பதால் சாதாரணமாகப் பேசினாலே கத்துவது போல இருக்கும். பின்னாளில் ஒரு பள்ளியில் ஒரு பையனை ‘மரியாதை இல்லாம கத்தறான்’ என்று வாசலில் நிற்க வைத்திருந்தார்கள். அவன் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, அவனுக்கு அதுதான் மெல்லப் பேசுவது. இதை டீச்சரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் தைரியம் வரவில்லை.

2022 ஜூனில் சேலத்திலேயே ஒரு தனியார் பள்ளியில் யுகேஜிக்கு உதவியாளராகச் சேர்ந்தேன், 6500 சம்பளம். அந்த ஒரு வருஷத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: ஷூ லேஸ், டிபன் பாக்ஸ் மூடி, பாத்ரூம், வாந்தி, டைரியில் சீட்டு ஒட்டுவது, மறுபடி ஷூ லேஸ்.

ஆனால் ஒரு விஷயம் அங்கேதான் பிடிபட்டது. மிஸ் கரும்பலகைப் பக்கம் நின்று வகுப்பைப் பார்ப்பார், நான் பிள்ளைகளோடு பிள்ளையாக அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து பலகையைப் பார்ப்பேன். ஜன்னலோரம் ஒரு பெண் குழந்தை தினமும் பாதி வார்த்தையை விட்டுவிட்டு எழுதும், ‘கவனமே இல்லை’ என்று டைரியில் இரண்டு முறை எழுதிப் போட்டாயிற்று. ஒரு நாள் அந்தக் குழந்தையின் இடத்தில் தற்செயலாக உட்கார்ந்து பார்த்தேன். காலை பத்து மணிக்கு ஜன்னல் வெயில் பலகையின் வலது பாதியில் விழுந்து பளபளவென்று அடிக்கிறது, எழுத்தே தெரியவில்லை. குழந்தை தனக்குத் தெரிந்த வரைக்கும் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறது. ஒரு பழைய துப்பட்டாவை ஜன்னலில் கட்டினோம், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்கு ஷேடோவாக, அதாவது அவன் கூடவே உட்கார்ந்து உதவுகிற ஆளாக, என்னைப் போட்டார்கள். அவனுக்கு ஆறு வயது. பேச்சு கிடையாது, பெல் அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான், டிபன் பாக்ஸ் கிளிப்பைத் திறந்து திறந்து மூடுவதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு இந்த வேலைக்கென்று எந்தப் பயிற்சியும் இல்லை, பள்ளியும் கேட்கவில்லை. பிள்ளை மற்றவர்களைப் போல நோட்டு முடிக்க வேண்டும், அதுதான் என்னிடம் சொன்னது. சரி என்று அவன் கையைப் பிடித்து எழுத வைத்தேன். மூன்று மாதம். நோட்டைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும், பக்கத்துக்குப் பக்கம் ஸ்டார். அவன் அம்மா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் அழுதேவிட்டார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது, பொய் சொல்வானேன்.

அவன் சனிக்கிழமை தெரபிக்குப் போகும் இடத்திலிருந்து ஒரு சிறப்பாசிரியை வகுப்பைப் பார்க்க வந்தார். வயதானவர், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். அப்புறம் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

“கையெழுத்து நல்லா இருக்கு மிஸ். உங்களோடதா?”

நான் ஒன்றும் சொல்லவில்லை.

“இவனோடது எங்க இருக்கு?”

இல்லை. அவனுடையது என்று ஒரு கோடு கூட அந்த நோட்டில் இல்லை. யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது, ஆனால் அந்த அம்மா கோபமாகச் சொல்லவில்லை. அங்கேயே பக்கத்தில் உட்காரவைத்துச் செய்து காட்டினார். முதலில் விரலை விட்டு மணிக்கட்டுக்கு வாங்க, ஒரு வாரம் கழித்து முழங்கை, அப்புறம் தோள், அப்புறம் மேஜையில் ஒரு தட்டு, கடைசியில் வெறும் பார்வை. “ஒண்ணு சொன்னீங்கன்னா மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, அதுக்குள்ள கை போகக் கூடாது. கையை எடுங்க மிஸ், முதல்ல கையை எடுங்க.”

பத்து எண்ணுவது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 40 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் எண்ணிப் பாருங்கள். மிஸ் அடுத்த வரிக்குப் போய்விடுவார், பக்கத்துப் பிள்ளை முடித்துவிட்டு வேடிக்கை பார்க்கும், நம் கை தானாக நீளும். நான் என் வலது கையை என் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன், நிஜமாகவே. முதல் நாள் டிபன் பாக்ஸ். ஆறு, ஏழு, எட்டு... ஒன்பதில் கிளிப்பைத் திறந்தான். அதுவரை தினமும் நான் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் விளையாட்டுக்குத் திறப்பதைப் பார்த்துக்கொண்டே நான் சாப்பாட்டுக்குத் திறந்து கொடுத்திருக்கிறேன் என்றால் என்னை என்ன சொல்வது.

எழுத்தில் ‘ட’வில் ஆரம்பித்தோம், அதற்கு இரண்டே கோடு. இடப்பக்கம் ஒன்று, கீழே ஒன்று. அவன் போட்ட முதல் ‘ட’ அரைப் பக்கத்துக்கு இருந்தது, சாய்ந்து, கீழ்க்கோடு மேஜை வரைக்கும் போய்விட்டது. பென்சில் தாளைக் கிழித்திருந்தது.

பிரச்சினை அப்புறம்தான். அவன் அம்மா நோட்டைப் பார்த்துவிட்டு ஆபீசில் புகார் செய்தார். ஏப்ரல் வரைக்கும் காசு கட்டியிருக்கிறோம், நல்லா எழுதின பிள்ளை இப்படி ஆகிவிட்டானே என்று. என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார்கள். முன்னாடி எழுதினது நான், இப்போது எழுதுவது அவன் என்று சொன்னேன். அந்த அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பள்ளி எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அந்த அம்மா எழுந்து போய்விட்டார், இரண்டு நாள் கழித்து கேட் அருகே நின்று மெல்லக் கேட்டார், “அந்த நோட்டை அவங்க பாட்டி ஊர்ல எல்லாருக்கும் காட்டியாச்சு மிஸ். இப்ப நான் என்னன்னு சொல்லட்டும்?” எனக்குப் பதில் தெரியவில்லை. ஸாரி என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஆடியில், கோட்டை மாரியம்மன் பண்டிகை விடுமுறையன்று, அவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம், வீட்டிலேயே வெள்ளிப் பட்டறை, கொலுசு வேலை. அம்மா கொலுசுக்கு முத்து மாட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒரு தட்டில் கொட்டிக் கிடந்த பொடி முத்துகளை இவன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக ஒவ்வொன்றாக எடுத்து, பெரிது சிறிது பிரித்து, வரிசை கட்டிக்கொண்டிருந்தான். ஒன்று கூடக் கீழே விழவில்லை. யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லையாம், சும்மா உட்கார்ந்து பார்ப்பானாம். மூன்று மாதம் இந்த விரல்களைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் அம்மாவிடம் இதைக் காட்டினேன். “இதெல்லாம் விளையாட்டு மிஸ்” என்றார், பிறகு அவரும் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்.

இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். சிறப்பாசிரியர் ஆக வேண்டுமானால் இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும். என்னைப் போன்ற உதவியாளருக்குத் தனியார் பள்ளிகளில் நான் பார்த்தவரை பிளஸ் டூவும் பொறுமையும்தான். பெற்றோர்களுக்கு ஒன்று: 2016 சட்டப்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 வயதிலிருந்து 18 வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருவார், ஆனால் பல பள்ளிகளுக்கு ஒருவர், நாள் முழுக்க உங்கள் பிள்ளை பக்கத்திலேயே உட்கார முடியாது. அதைத் தெரிந்துகொண்டே கேளுங்கள்.

போன வருஷம் வீட்டுக்காரருக்கு ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் டிரைவர் வேலை கிடைத்தது. இருபது கொண்டை ஊசி வளைவு, எனக்கு எட்டாவதிலேயே வாந்தி, மலை வாழ்க்கை இப்படித்தான் தொடங்கியது. இப்போது ஊருக்கு உள்ளே தள்ளி ஒரு சின்னத் தொடக்கப் பள்ளியில் உதவிக்கு இருக்கிறேன். ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர். பனிக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும், சாக்பீஸ் நமத்துப் போய் எழுதாது. அதனால் அடுப்புப் பக்கம் ஒரு டப்பாவில் வைத்திருப்போம். காலை உணவு வந்த பிறகு பிள்ளைகள் நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள், அதுவும் பொங்கல் என்றால் சீக்கிரமே. பெரும்பாலும் மலையாளி பழங்குடிப் பிள்ளைகள். பெயரைக் கேட்டுக் கேரளா என்று நினைத்துவிடாதீர்கள், இவர்கள் பேசுவது தமிழ், இந்த மலைக்காரர்கள்.

டிசம்பர், ஜனவரியில் காபிப் பழம் பறிப்பு. அம்மா அப்பா விடியலில் தோட்டத்துக்குப் போய்விட்டால் வீட்டில் குழந்தையைப் பார்க்க மூத்ததுதான். நான்காம் வகுப்பில் ஒருத்தி பத்து நாள் வரவில்லை. பதினோராம் நாள் இடுப்பில் தம்பியோடு வாசலில் வந்து நின்றாள், அவனுக்கு ஒரு வயது இருக்கும், மூக்கு ஒழுகிக்கொண்டு. உள்ளே வரலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பெரிய டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் போய் அவனை வாங்கிக்கொண்டேன்.

வகுத்தல் கணக்கு. அவள் உட்கார்ந்து 84-ஐ 6-ஆல் வகுக்கிறாள், அடியில் விரல் விட்டு எண்ணுகிறாள், தப்பாகப் போகிறது என்று எனக்குத் தெரிகிறது. என் ஒரு கை அவள் தம்பியைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை காலியாக இருக்கிறது. பத்து எண்ண ஆரம்பித்தேன். அழித்தாள், மறுபடி போட்டாள். ஏழு எண்ணும்போது தம்பிக்காரன் என் காது ஜிமிக்கியைப் பிடித்து இழுத்துவிட்டான், நான் ‘ஆ’ என்று கத்தியதில் மொத்த வகுப்பும் திரும்பியது. அவள் மட்டும் திரும்பவில்லை. 14 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.